காய்ச்சல் தேசத்தில் கள்ளும் அபினும்

நெளுக்குளத்தின் பெயர் இன்று செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் பொலிஸ் கைதுகளோடுதான். வவுனியா நகருக்கு மேற்கே, மன்னார் வீதிப் பக்கமாக உள்ள இந்த ஊரிலும் அதைச் சுற்றிய குளக்கரைக் கிராமங்களிலும் கசிப்பு பிடிபட்டது, கஞ்சா பிடிபட்டது, ஐஸ் பிடிபட்டது என்று வாசித்து வாசித்து, போதை என்பது யுத்தத்துக்குப் பிறகு எங்கிருந்தோ வந்திறங்கிய சரக்கு என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. ஆனால் நெளுக்குளம் அடங்கிய வன்னியில் இந்த வழக்கு மிகப் பழையது. போதைப் பொருளை விரும்பிப் பயன்படுத்துவதால் மனிதனுக்கு நன்மை உண்டா என்ற கேள்வியை இந்தத் தீவும் அக்கரை இந்தியாவும் நூறாண்டுகளுக்கு மேலாக ஆணைக்குழு வைத்து, சாட்சி கேட்டு, சட்டம் போட்டு விசாரித்திருக்கின்றன. அந்த விசாரணைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நன்மை உண்டு என்று சொன்னவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. அவர்கள் காட்டிய நன்மை உண்மையானது. ஆனால் அது போதையிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய வேறொன்றின் நன்மை. பிரித்தெடுக்க வழி பிறந்த நாளிலேயே போதைக்காக வாதாடியவர்களின் பேச்சும் அடங்கிப்போயிற்று.

அபினிலிருந்து தொடங்கலாம். வன்னியின் வரலாறு காய்ச்சலின் வரலாறும்தான். 1895 இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேடு உடைந்த குளங்களையும், ஆளில்லாமல் காடேறிய ஊர்களையும், காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் வாட்டிய சனங்களையும் பதிவு செய்கிறது. 1905 இல் நிறைவுற்ற வடபகுதி ரயில் பாதைக்காகக் காடு வெட்டிய கூலிகளையும் அதே காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. நுளம்புதான் மலேரியாவைக் காவுகிறது என்று ரொனால்ட் ரோஸ் 1897 இல் காட்டும்வரை, சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று படித்த வைத்தியர்களும் நம்பினார்கள். குயினைன் இருந்தது; உள்ளூரில் அது எளிதாகக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நடுக்கத்தை அடக்கி, மூட்டு நோவை மறக்கச் செய்து, வயிற்றோட்டத்தைக் கட்டி, இரவில் தூங்கவைத்த ஒரு பொருளை நல்ல மருந்தென்று ஒருவன் நினைத்தால் அவனை மூடன் என்று சொல்ல முடியாது.

அந்த நம்பிக்கையைப் பெரிய சபையில் விசாரித்தது, பிரித்தானிய அரசு 1893 இல் இந்தியாவுக்காக நியமித்த அபின் ஆணைக்குழு. பிராஸி பிரபு தலைவர். லூயிஸின் கையேடு வந்த அதே 1895 இல் அதன் அறிக்கையும் வந்தது. சதுப்பு நிலங்களில் வாழ்பவர்கள் காய்ச்சலுக்குக் காப்பாக அபின் எடுக்கிறார்கள், அளவோடு எடுப்பவர்களுக்கு அதனால் கேடில்லை என்று சாட்சிகள் வரிசையாக வந்து சொன்னார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஹென்றி வில்சன் என்ற ஒரே ஒருவர் மறுத்து எழுதினார். அபின் வருமானத்தில் ஒரு பங்கில் ஓடிய அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு வேறெப்படித் தீர்ப்புச் சொல்லும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு நிறுத்திக்கொண்டால் அறிக்கைக்குள் கிடக்கும் மிக முக்கியமான பகுதியைத் தவறவிடுவோம். ஆணைக்குழுவின் மருத்துவ உறுப்பினரான சேர் வில்லியம் ராபர்ட்ஸ், அபினுக்குக் காய்ச்சலைத் தடுக்கும் குணம் இருக்குமானால் அது எதனால் என்று ஆராயப் புகுந்தார். இந்திய அபினில் நார்கோட்டின் என்ற சத்து மிகுதி. மோர்பின்போல அது போதை தராது. காய்ச்சலுக்குக் குயினைனுக்குப் பதிலாக அதைத் தனியே கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் இந்தியாவில் முன்பே இருந்தார்கள். காப்பு உண்டென்றால் அது இந்தப் போதையில்லாத பகுதியினால் இருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

அந்த ஊகமும் பின்னாளில் நிலைக்கவில்லை. மலேரியாக் கிருமியை அபின் கொல்வதில்லை. நோயாளி அனுபவித்தது வலி தணிந்த சுகம் மட்டுமே. ஆனாலும் ராபர்ட்ஸ் கேட்ட கேள்வியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும்: நன்மை இந்தப் பொருளில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அபினுக்காகப் பேசியவர்களும் சரி, அதைச் சபித்தவர்களும் சரி, அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இலங்கையில் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அனுமதி பெற்ற அபின் கடைகள் மூடப்பட்டன. 1910 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் பழக்கப்பட்டவர்களும் நாட்டு வைத்தியர்களும் பதிவு செய்யப்பட்டு, அரசின் கையால் மட்டும் அபின் பெறும் முறை வந்தது. பிறகு 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம். வன்னியின் காய்ச்சலைத் துரத்தியது இந்தச் சட்டமல்ல. 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாக அடிக்கப்பட்ட டி.டி.ரி.யும், குளோரோகுயினும், குக்கிராமம்வரை போன வைத்தியசாலைகளும். யுத்த காலத்தில் மீண்டும் தலைதூக்கிய மலேரியா 2012 உடன் உள்ளூரில் பரவுவது நின்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சலுக்கு அபின் நல்லது என்று இன்று வாதிட வன்னியில் ஒருவரும் இல்லை. அந்த வாதத்தை ஒழுக்கப் பிரசங்கம் தோற்கடிக்கவில்லை. அதைவிட நல்ல மருந்து வந்து தோற்கடித்தது.

கள்ளின் கதை இவ்வளவு சுலபமானதல்ல. பனை வடக்கின் மரம். தீவகத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களிலும் அடர்த்தியாகவும், வவுனியாவின் உட்பகுதியில் ஐதாகவும் நிற்கிறது. பாளையைத் தட்டி, இடுக்கி, நாள்தோறும் சீவி, முட்டி கட்டி இறக்கும் சாறு ஒன்றே. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. கருப்பணியைக் காய்ச்சினால் பனங்கட்டி. கள்ளை வடித்தால் சாராயம். அப்ப மாவைப் புளிக்கவைப்பதும் கள்ளுத்தான். உணவு எங்கே முடிந்து போதை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத பொருள் இது. ஆகவே கள்ளு உணவென்று சீவல் தொழிலாளி சொன்னபோது அவர் சாட்டுச் சொல்லவில்லை.

அவருக்குச் சாட்சி பசிபிக் கடலின் நடுவிலிருந்தும் கிடைக்கிறது. நவுறு என்ற சிறு தீவில் தென்னங்கள்ளு சனங்களின் அன்றாடப் பானம். 1920களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலிய நிர்வாகம் அதைத் தடைசெய்தது. அதன் பிறகு தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன. அங்கே அரசாங்க வைத்தியராயிருந்த பிரே என்பவர் காரணத்தைத் தேடினார். வெள்ளையரிசியும் இறக்குமதி மாவும் தின்ற தாய்மாருக்கு விற்றமின் பி கிடைத்த வழி கள்ளிலிருந்த மதுவம்தான், அது நின்றதும் தாய்க்கும் பாலுக்கும் சத்தில்லை, பிள்ளைக்கு பெரிபெரி. தாய்மாருக்குக் கள்ளைத் திருப்பிக் கொடுத்தபோது சாவு குறைந்தது. மதுவிலக்கால் குழந்தைகள் செத்த இந்தச் சம்பவத்தை மதுவிலக்குக்காரர்கள் எழுதும் வரலாறுகளில் நான் கண்டதில்லை. கள்ளுக்காக வாதாடுகிறவர்கள் கையில் இதைவிட வலிய ஆயுதம் வேறு இருக்க முடியாது. ஆனால் அந்த ஆயுதத்தின் கூர் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றியது மதுவத்திலிருந்த விற்றமின். அதே சத்தைத் தவிட்டிலும் பயறிலும் குத்தரிசியிலும் எடுக்கலாம். குத்தரிசியும் உளுந்தும் பயறும் விளைகிற வன்னி நிலத்தில் கள்ளில்லாமல் பிள்ளை சாகாது. ராபர்ட்ஸின் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது: நன்மை கள்ளில்தான் இருந்தது, அதன் வெறியில் அல்ல.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே கேட்பார்: சத்தைப் பிரிக்கலாம், மருந்தைப் பிரிக்கலாம், சந்தோஷத்தைப் பிரிக்க முடியுமா? பகல் முழுக்க வயலில் முறிந்தவன் பொழுதுபடக் கள்ளுக் கொட்டிலுக்குப் போய், பனையோலைப் பிளாவில் இரண்டு வாங்கிக் குடித்து, நாலு கதை பேசி, ஒரு பாட்டுப் பாடி வீடு வருகிறான். அந்த ஒரு மணி நேரம் நன்மையில்லையா? இதுதான் உண்மையான எதிர்வாதம், இதைத் தள்ளிவிட முடியாது. தமிழின் பழைய இலக்கியம் இதன் இரண்டு பக்கத்தையும் அறியும். அதியமானின் சாவுக்கு ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலை அவனோடு பங்கிட்டுக் குடித்த கள்ளை நினைத்து அழுகிறது. திருக்குறளோ ஓர் அதிகாரத்தையே கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கிக் கண்டிக்கிறது. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை கள்ளுண்பதைப் பாவங்களின் வரிசையில் வைக்கிறது. அவர் காலத்து வடக்கிலேயே அண்ணமார், முனி என்ற ஊர்த் தெய்வங்களுக்குக் கள்ளும் சுருட்டும் படைக்கப்பட்டன. சந்தோஷமும் சேர்க்கையும் நன்மை என்றே நான் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சந்தோஷம் எவற்றால் ஆனது என்று கேட்டாக வேண்டும்.

கள்ளின் சந்தோஷத்துக்கு இயற்கையே வேலி போட்டிருந்தது. அதில் மதுசாரம் ஏறத்தாழ ஐந்து வீதம். இறக்கிய சில மணி நேரத்தில் குடிக்க வேண்டும். ஒரு நாள் கடந்தால் காடி. சேர்த்து வைக்க முடியாது, தூரம் கொண்டுபோக முடியாது. பனை வருடம் முழுக்கச் சுரப்பதில்லை. பாளை விடும் மாதங்கள் கழிந்தால் முட்டி காலி. ஒரு மரம் ஒரு நாளில் தருவது இவ்வளவுதான். குடிப்பவன் சீவுபவனின் முகம் தெரிந்தவன். கடன் எவ்வளவு, குடி எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். குடியைக் கட்டுப்படுத்தியது குடிப்பவனின் ஒழுக்கம் என்று சொல்வதைவிட மரத்தின் ஒழுக்கம் என்று சொல்வதே சரி. வடிசாலை இந்த வேலியைப் பிய்த்தெறிந்தது. சாராயம் புளிக்காது, கெடாது, வண்டியில் ஏறும், வருடம் முழுக்கக் கிடைக்கும். ஒல்லாந்தர் காலத்துக் குத்தகை முறையைப் பிரித்தானியரும் தொடர்ந்தார்கள். விற்க விற்க குத்தகைக்காரனுக்கும் லாபம், கச்சேரிக்கும் வருமானம். அந்தக் குத்தகைப் பணத்தில் தென்னிலங்கையில் எந்தெந்தக் குடும்பங்கள் பெரிய மனிதராயின என்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். பிற்கால மதுவிலக்கு மேடைகளில் அதே குடும்பங்களின் பிள்ளைகள் ஏறினார்கள் என்பது அந்தக் கதையின் சுவையான பகுதி. சந்தோஷம் என்ற பெயர் மாறவில்லை. வேலி போனபின் அதே பெயரில் விற்கப்பட்டது வேறு சரக்கு.

கொட்டிலின் சேர்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எல்லோருக்கும் திறந்த இடமாக இருந்ததில்லை. மரமேறியவர்கள் சாதியால் தாழ்த்தப்பட்டவர்கள். அவர்கள் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவர்களில் பலர் அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவனின் குடும்பத்துக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை. நன்மையைக் கணக்கெடுக்கும்போது குடித்தவனின் மாலை நேரத்தை மட்டும் எழுதி, சீவியவனின் அதிகாலையை விட்டுவிடுவது நம் வழக்கம்.

மதுவிலக்குக்காரரும் அதையே செய்தார்கள். குடாநாட்டில் அமெரிக்க மிஷனின் பாதிரிமாரும் சைவப் பெரியோரும் மற்ற எல்லாவற்றிலும் சண்டையிட்டாலும் குடியைக் கண்டிப்பதில் ஒன்றுபட்டார்கள். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் சாராயத்தையும் கள்ளையும் பிரித்து, தனிக் கள்ளுத் தவறணைகளைத் திறக்க வழி செய்தபோது தெற்கிலே பெருங்கிளர்ச்சி எழுந்தது. பின்னர் ஊர் வாக்கெடுப்பால் தவறணைகளை மூடும் முறை வந்தது. வடக்கில் பல இடங்களில் தவறணைகள் மூடப்பட, மரத்துக்கு வரி கட்டிச் சீவும் மரவரி முறை ஏற்பட்டது. தவறணையை மூடியவர்கள், சீவுகிறவனின் பிள்ளை இனி என்ன தொழில் செய்வது என்பதற்கு வழி சொல்லவில்லை. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்த பிறகுதான், கள்ளின் காசு அதை இறக்கியவனின் கைக்கு நேராக வரத் தொடங்கியது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கள்ளின் நன்மை பற்றிய இந்த நெடிய விவாதத்தில் ஐயமில்லாமல் நன்மை என்று நான் எழுதக்கூடியது இந்தக் கூட்டுறவு ஒன்றைத்தான்.

கஞ்சாவைச் சுருக்கமாக முடிக்கலாம். அதற்காகப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது 1893-94 இல் அமர்ந்த இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவை. 1,193 சாட்சிகளைக் கேட்டு, ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்து, மிதமாகப் பயன்படுத்துவோருக்கு ஏறக்குறைய தீங்கில்லை, தடையைவிட வரியும் கட்டுப்பாடும் மேல் என்று அது முடித்தது. பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளில் கஞ்சாவால் புத்தி பேதலித்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களின் கதையைத் துருவிப் பார்த்து, அவற்றில் பல ஆதாரமற்றவை என்று காட்டியதும் அந்த ஆணைக்குழுதான். நேர்மையான வேலை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தீங்கு அதிகமில்லை என்பது நன்மை உண்டு என்பதாகாது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் வெற்றிடத்தைத்தான் பலர் கவனியாமல் தாண்டிவிடுகிறார்கள். நோயாளிக்குக் கஞ்சாவின் மருத்துவக் குணம் வேண்டுமென்றால் அதற்கு ஆயுர்வேத, சித்த வைத்தியத்தின் வழி இந்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டே திறந்திருக்கிறது. 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் வந்த ஏற்றுமதிக் கஞ்சா யோசனை அந்நியச் செலாவணியைப் பற்றியது. அதைச் சுகாதாரத்தின் பெயரால் பேசுவது 1895 இன் அபின் வருமானப் பேச்சை ஞாபகப்படுத்துகிறது.

மிதமான குடி இதயத்துக்கு நல்லது என்று சில பத்தாண்டுகள் ஓடிய ஆய்வுகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. குடிக்காதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களுக்குள் நோய்வந்து குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களைப் பிரித்ததும் மிதக்குடியரின் ஆரோக்கியம் பெரும்பாலும் கரைந்தது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்று சொன்னது. கள்ளுக்கும் இது பொருந்தும். அதற்காக ஐந்து வீதக் கள்ளையும் கசிப்பையும் ஒரே தராசில் வைப்பது மடமை. கள்ளைத் துரத்திய ஊர்களில் வெற்றிடத்தை நிரப்பியது பெரும்பாலும் கருப்பணியல்ல, காட்டுக்குள் காய்ச்சிய கசிப்பு. தடையால் தீங்கு பெருகும் என்ற எதிர்வாதத்தை இந்த அளவுக்கு நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். முகம் தெரிந்தவன் இறக்கி முகம் தெரிந்தவன் குடிக்கும் கள்ளைச் சட்டம் விட்டுவைப்பதே நல்லது. சங்கத்தின் கையில் விட்டுவைப்பது அதிலும் நல்லது.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது, இது 2009 க்குப் பிந்திய வன்னிக்கே உரியது. யுத்தம் முடிந்த அந்த ஆண்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் எல்லாவற்றையும் இழந்து வந்து செட்டிகுளத்து மனிக்பாம் முகாமிலும் நெளுக்குளம் உள்ளிட்ட வவுனியாப் பக்கத்துப் பாடசாலைகளிலும் அடைக்கப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரும், காணாமல் போனவரைத் தேடுகிறவரும், உடம்பில் இரும்புத் துண்டோடு வாழ்கிறவரும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரவில் தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்றால், அதில் நன்மையில்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கப்படும். அவருக்குக் கிடைக்கும் தணிவு உண்மையானது. 1895 இல் காய்ச்சல்காரனுக்கு அபின் தந்த தணிவும் உண்மையாகவே இருந்தது. அன்று குயினைன் கிட்டாத இடத்தில்தான் அபின் மருந்தாக நின்றது. இன்று மனநல வைத்தியர் கிட்டாத இடத்தில் போத்தல் அந்த வேலையைச் செய்கிறது. 1929 கட்டளைச் சட்டத்துக்கு 1984 இல் வந்த திருத்தச் சட்டம் போதைக் கடத்தலுக்கு மரண தண்டனைவரை எழுதிவைத்தும் அந்தத் தேவை குறையவில்லை. 2023 டிசம்பரில் யுக்திய என்ற பெயரில் நாடெங்கும் நடந்த கைது வேட்டையும் அதைத் தொடவில்லை.

ஆகவே மாகாண சுகாதார நிர்வாகத்திடமும் வவுனியா மாவட்டத்தின் பிரதிநிதிகளிடமும் கேட்க வேண்டியது ஒன்றே. நெளுக்குளம் போன்ற ஊர்களில் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் தூரத்தில் மனநலச் சிகிச்சை நிலையமும் இருக்கட்டும். அங்கே தமிழ் பேசும் வைத்தியரும், வாரம் ஒரு நாளல்ல, நாள்தோறும் இருக்கட்டும்.